‘உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?’

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரியில் உளவியலாளர் கென்னத் சவிட்ஸ்கி நடத்திய சோதனை ஒன்று, பார்க்கிறவர்களுக்குக் கல்யாண வீட்டு விளையாட்டு போலத் தோன்றியிருக்கும். மொத்தம் 24 தம்பதிகள். இரண்டிரண்டு ஜோடிகளாக அழைத்து, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாதபடி நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு உட்காரவைத்தார்கள். ஒருவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லவேண்டும். வீட்டில் அன்றாடம் புழங்குகிற, ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தரக்கூடிய வாக்கியம். எந்தப் பொருளில் சொன்னார் என்பதை மற்றவர்கள் ஊகிக்கவேண்டும். தான் சொன்னது தன் துணைக்குப் புரிந்திருக்குமா, முன்பின் தெரியாத அந்த இன்னொரு ஜோடிக்குப் புரிந்திருக்குமா என்று சொன்னவரும் கணித்துச் சொல்லவேண்டும்.

தம் பேச்சு எவ்வளவு தெளிவாகப் போய்ச் சேர்ந்தது என்பதை எல்லோரும் கொஞ்சம் கூட்டியே மதிப்பிட்டார்கள். மனித இயல்பு, விட்டுவிடலாம். விட முடியாதது இன்னொன்று: அந்நியரைப் பற்றிய கணிப்பைவிட, கட்டிய கணவனைப் பற்றியும் மனைவியைப் பற்றியும் செய்த கணிப்பில்தான் அந்த மிகை அதிகம். சவிட்ஸ்கி ஒரு உதாரணம் சொல்வதுண்டு. ‘இங்கே சூடாக இருக்கிறது’ என்கிறார் மனைவி. ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்பது அவர் மனதில் இருப்பது. கணவரோ அதைக் கொஞ்சலான அழைப்பாக எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருகிறார்.

2011இல் வெளியான இந்த ஆய்வில் நிக்கலஸ் எப்லி, போவாஸ் கேசார் முதலிய சிகாகோ ஆய்வாளர்களும் பங்கேற்றார்கள். அதன் இன்னொரு சோதனை இது. பெட்டி பெட்டியாகப் பிரித்த ஒரு சட்டத்தில் பல பொருள்கள். சிலவற்றை எதிரில் இருப்பவரும் பார்க்கமுடியும். சில உங்களுக்கு மட்டுமே தெரியும். எதிரில் இருப்பவர் ஒரு பொருளின் பெயரைச் சொல்லி எடுக்கச் சொல்கிறார். அவரால் பார்க்கமுடியாத பொருளை அவர் கேட்டிருக்க முடியாது. ஒரு கணம் யோசித்தால் விளங்கிவிடும். கட்டளையிடுபவர் அந்நியர் என்றால் பலர் அந்தக் கணத்தை யோசிக்கச் செலவிட்டார்கள். நண்பர் என்றால், தனக்கு மட்டும் தெரியும் பொருளை நோக்கிக் கை போவது கூடியது. தனக்குத் தெரிவது நண்பருக்கும் தெரியும் என்று மூளை தானாக முடிவுகட்டிவிடுகிறது.

நெருங்கிய உறவில் பேச்சு ஏன் இடறுகிறது என்றால் அன்பு குறைந்துவிட்டது, நேரமில்லை, கைபேசி வந்துவிட்டது என்று காரணங்கள் அடுக்கப்படுவது வழக்கம். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொரு குற்றவாளி தெரிகிறான்: நெருக்கமே. ‘உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?’ என்ற அந்த உரிமைக் குரல். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஸ்வானும் மைக்கேல் கில்லும் 1997இல் காதல் ஜோடிகளை ஆராய்ந்து காட்டியது இதைத்தான். பழகிய காலம் கூடக்கூட, துணையைப் பற்றித் தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை கூடியது. தெரிந்திருந்தது கூடவில்லை.

கேட்பது ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்கு மொழியியலாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்திலிருந்து டான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் 10 மொழிகளின் அன்றாடப் பேச்சை அளந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். மொழிக்கு மொழி சிறிய வேறுபாடுகள் இருந்தாலும் சராசரி சுமார் 200 மில்லி விநாடி. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு.

இதில் சிக்கல் என்னவென்றால், ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை ஒற்றைச் சொல்லில் சொல்லவே மனித மூளைக்குச் சுமார் 600 மில்லி விநாடி பிடிக்கிறது. முழு வாக்கியம் என்றால் இன்னும் அதிகம். அப்படியிருக்க 200இல் எப்படிப் பதில் வருகிறது? எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் எங்கே போய் முடிப்பார் என்று ஊகித்து, நம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம் என்பதுதான் விடை. ஸ்டீபன் லெவின்சன் போன்றவர்கள் விரிவாக விளக்கியிருக்கும் விஷயம் இது. ஆக, ‘நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஏன் பதில் சொல்றீங்க?’ என்று மனைவி சலித்துக்கொள்வது கணவரின் தனிக் குணத்தைப் பற்றிய புகார் மட்டுமில்லை. மனித உரையாடல் ஓடுவதே அந்த அவசரத்தில்தான். அந்நியரிடம் பேசும்போது ஊகம் தவறலாம் என்ற பயம் கடிவாளம் போடுகிறது. இருபது ஆண்டுகள் கூட இருந்தவரிடம் அந்தக் கடிவாளமும் கழன்றுவிடுகிறது. முதல் மூன்று சொற்களைக் கேட்டதுமே ‘மறுபடியும் அதே பாட்டு’ என்று காது சாத்திக்கொள்கிறது.

இயற்கை இதற்கொரு மாற்றும் வைத்திருக்கிறது. அதே மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் டிங்கமான்சே, நிக் என்ஃபீல்டு முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகின் 12 மொழிகளில் மக்கள் சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒரு தடவை பேச்சை நிறுத்தித் தெளிவு கேட்கிறார்கள். நம் பேச்சில் ‘என்னது?’, ‘யாரு?’, ‘எந்த ராஜி?’, ‘அவங்களே வர்றதா சொன்னாங்களா?’ என்று வருவதெல்லாம் இந்த வகை. ஒழுங்காக நடக்கும் பேச்சில் ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு தடவை சரிபார்ப்பு நடந்துவிடுகிறது. குடும்பச் சண்டையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அங்கே முதலில் காணாமல் போவது இந்தக் கேள்விகள்தான். ‘என்ன சொல்ற?’ என்பது அங்கேயும் வரும். ஆனால் அது கேள்வியாக வருவதில்லை.

தமிழ் வீடுகளில் பாட்டிமார் கதை சொல்லும்போது ஒரு நிபந்தனை போடுவார்கள்: ‘உம்’ கொட்டவேண்டும். இருட்டில் பாயில் படுத்திருக்கும் பேரப்பிள்ளையிடமிருந்து ‘உம்’ நின்றுபோனால் கதையும் நின்றுவிடும். பிள்ளை தூங்கிவிட்டதா என்று பார்க்கும் உபாயம் என்றுதான் இதை நாம் நினைக்கிறோம். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவெலாஸ் செய்த சோதனையைப் படித்தால் பாட்டிகளின் மேல் மரியாதை கூடும்.

பவெலாஸும் சக ஆய்வாளர்களும் ஒருவரை அழைத்து, தான் ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள். எதிரில் ஒரு கேட்பவர். கேட்பவர்களில் சிலரிடம் மட்டும், பேசுபவருக்குத் தெரியாமல், ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: அவர் பேச்சில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். கவனமாகத்தான் கேட்டார்கள், ஆனால் கதையை அல்ல, எழுத்தை. தலையாட்டுவது, ‘ம்ம்’ என்பது போன்ற பொது அசைவுகள் குறைந்தன. கதையின் குறிப்பிட்ட இடத்தில் முகம் சுளிப்பது, ‘ஐயோ!’ என்பது, மூச்சை இழுத்துப் பிடிப்பது போன்றவை கிட்டத்தட்ட இல்லாமலே போயின.

விளைவு கேட்டவர்களுக்கு வரவில்லை, சொன்னவர்களுக்கு வந்தது. அவர்களுடைய கதை கெட்டுப்போயிற்று. அதிலும் உச்சக்கட்டத்தில், எங்கே கேட்பவர் பதறவேண்டுமோ அங்கே தடுமாறினார்கள். முடிவைச் சொல்லிவிட்டு, அது போதவில்லை என்று தோன்றி மறுபடி முடித்தார்கள். ஒன்றும் நடக்காத முகத்தைப் பார்த்து, ‘நிஜமாவே பயமா இருந்துச்சு’ என்ற வகையில் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2000இல் வெளியான இந்த ஆய்வு, கேட்பவரைக் கதையின் இணை ஆசிரியர் என்றே பார்க்கிறது. ‘அவர் எங்கிட்ட மனசுவிட்டுப் பேசறதே இல்ல’ என்று புகார் சொல்பவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். அவருக்குப் பேச வராமல் இருக்கலாம். கேட்கும் முகம் அந்த ஒன்றும் நடக்காத முகமாகவும் இருந்திருக்கலாம்.

ஆனால் ‘உம்’ ஏமாற்றவும் செய்யும். ஹார்வர்டில் ஹன்னே காலின்ஸ் குழுவினர் அண்மையில் நேரடி உரையாடல்களை இடையிடையே நிறுத்தி, ‘இப்போது உங்கள் கவனம் பேச்சில் இருந்ததா?’ என்று கேட்டார்கள். ஏறக்குறைய கால்பங்கு நேரம் மனம் வேறெங்கோ இருந்ததாக ஒப்புக்கொண்டார்கள். பேசிக்கொண்டிருந்தவர்களோ, எதிராளி தம்மைக் கேட்டுக்கொண்டிருப்பதாக உள்ளதைவிடக் கூடுதலாகவே நம்பினார்கள். தலையாட்டலுக்கு நடுவே திருட்டுத்தனமாக வேறு சிந்தனை செய்வது அவ்வளவு சுலபம். போலி செய்யக் கடினமானது ஒன்றுதான்: சொன்னதிலிருந்து எழும் அடுத்த கேள்வி. கேட்டால்தான் அது வரும்.

உரையாடலைப் பற்றிய இந்தப் பொது அறிவெல்லாம் திருமணத்துக்குள் நுழையும்போது என்ன ஆகிறது? இங்கே உளவியலாளர் ஜான் காட்மனைத் தவிர்க்க முடியாது. அவரும் ராபர்ட் லெவன்சனும் 1970களிலேயே தம்பதிகளின் உடலில் மின்முனைகளைப் பொருத்தி, இதயத்துடிப்பையும் வியர்வையையும் அளந்தபடி, சண்டைக்குரிய விஷயத்தைப் பற்றிப் பேசவைத்தவர்கள். 1986இல் காட்மன் சியாட்டிலுக்கு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, வீடு போன்ற ஒரு ஆய்வுக்கூடத்தை அமைத்தார். பத்திரிகைகள் அதற்கு ‘காதல் ஆய்வுக்கூடம்’ என்று பெயர் வைத்தன. தம்பதிகள் ஒருநாள் முழுக்க அங்கே சமைத்து, படித்து, பேசிப் பொழுதைக் கழிப்பார்கள்; கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

அவர் கண்டவற்றில் மிகவும் மேற்கோள் காட்டப்படுவது மிகச் சாதாரணமான ஒன்று. ஜன்னல் வழியே பார்க்கும் ஒருவர், ‘அந்தப் படகைப் பாரேன்’ என்கிறார். துணை தலை தூக்கிப் பார்க்கலாம். ‘ம்’ என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடரலாம். ‘பேசாம இருங்க, படிச்சிட்டு இருக்கேன்ல’ என்று சீறலாம். கேட்பது படகைப் பற்றி அல்ல, ‘என்னோடு இருக்கிறாயா’ என்பதுதான். புதுமணத் தம்பதிகளை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் இத்தகைய சிறு அழைப்புகளில் 86 விழுக்காட்டுக்குத் திரும்பிப் பதில் தந்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 விழுக்காட்டுக்கு மட்டுமே என்கிறார் காட்மன்.

அதே காட்மன்தான் 1998இல் தன் துறையின் தலையில் ஒரு குண்டையும் போட்டார். அதன் முன்கதை இது. 1957இல் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் சிகாகோவிலிருந்து ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார்கள். எதிராளி சொல்வதை எடைபோடாமல், அதன் உணர்வோடு உள்வாங்கி, புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதே முனைப்பாகக் கேட்பது என்றார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்காக எழுதிய அந்தச் சரக்கு பிறகு குடும்ப ஆலோசனைக்குள் வந்தது. ‘நீ சொல்வது என்னவென்றால், நான் தாமதமாக வரும்போது உனக்கு வருத்தமாக இருக்கிறது, அப்படித்தானே?’ என்று தம்பதிகளைப் பேசப் பழக்கினார்கள். 130 புதுமணத் தம்பதிகளின் சண்டைகளை அலசிய காட்மன் குழு, நன்றாக வாழும் தம்பதிகள்கூடச் சண்டையில் அப்படிப் பேசுவதே இல்லை என்றது. அப்படிப் பேசுவதை வைத்து மணவாழ்வு நிலைக்குமா என்று சொல்லவும் முடியவில்லை என்றது.

எது முன்னறிவித்தது? பேச்சு எப்படி ஆரம்பிக்கிறது என்பது. மனைவி குறையை மென்மையாகத் தொடங்கினாரா, கணவர் மனைவியின் சொல்லுக்குத் தன்னை வளைத்துக்கொண்டாரா என்பவை. சீபில் கரேரும் காட்மனும் 1999இல் 124 தம்பதிகளின் பதிவுகளிலிருந்து, வாக்குவாதத்தின் முதல் மூன்று நிமிடமே போதும், அடுத்த ஆறு ஆண்டுகளின் போக்கு அதில் தெரிகிறது என்று காட்டினார்கள். நம் வீட்டு மொழியில் சொன்னால், ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’ என்று தொடங்குவதும், ‘லேட்டாகும்னு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல, நான் சாப்பிடாம உட்கார்ந்திருந்தேன்’ என்று தொடங்குவதும் வேறு வேறு. இரண்டாவதில் உண்மை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லப்போனால் அதில்தான் அதிகம்: முதலாவதில் இருப்பது தீர்ப்பு, இரண்டாவதில் இருப்பது நடந்தது.

காட்மனின் முடிவுகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஸ்காட் ஸ்டான்லி, தாமஸ் பிராட்பரி, ஹோவர்ட் மார்க்மன் மூவரும் 2000இல் கடுமையாக மறுத்து எழுதினார்கள். ஒரு கூட்டத்தின் தரவில் பொருந்தும் சூத்திரத்தைப் புதிய கூட்டத்தில் சோதிக்காமல் ‘கணிப்பு’ என்று அழைக்கக் கூடாது என்று ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்மித் ஸ்லெப்பும் 2001இல் எச்சரித்தார்கள். நியாயமான எச்சரிக்கை. ‘விவாகரத்தைத் 90 விழுக்காடு துல்லியமாகச் சொல்லிவிடுவார்’ என்று பத்திரிகைகள் அவரைச் சோதிடர் ஆக்கியதில் பாதிக் குற்றம் பத்திரிகைகளுடையது.

ஆனால் அவருடைய ஒரு சிறு சோதனை மறக்க முடியாதது. வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போது பதினைந்து நிமிடத்தில் நிறுத்தி, ‘கருவியைச் சரிசெய்யவேண்டியிருக்கிறது, இதைப் பற்றிப் பேசாமல் அரைமணி நேரம் பத்திரிகை படித்துக்கொண்டிருங்கள்’ என்று சொல்லிவிடுவார்கள். அரைமணி கழித்துப் பேச்சைத் தொடர்ந்தபோது இதயத்துடிப்பு இறங்கியிருந்தது. அதே பிரச்சினையை அதே இருவர் நிதானமாகப் பேசினார்கள். துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிராளியின் சொல் காதில் ஏறுவதில்லை என்பது அவர் வாதம். அந்த நிலையில் பலர், அவர் கணக்கில் பெரும்பாலும் ஆண்கள், பேச்சை அடைத்துவிட்டுச் சுவராகி உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் ஊரில் அந்தச் சுவர் நெடுங்காலம் செய்தித்தாள் வடிவில் இருந்தது. இப்போது கைபேசி வடிவில் இருக்கிறது.

சண்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த இந்தத் துறையில் ஷெல்லி கேபிள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: நல்லது நடந்தால் என்ன ஆகிறது? 79 காதல் ஜோடிகளை வைத்து அவர் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், துன்பத்தைச் சொல்லும்போது கிடைக்கும் ஆதரவைவிட, நல்ல செய்தி சொல்லும்போது துணை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதே உறவின் நலத்தை நன்றாகக் காட்டியது. மனைவி வந்து, ‘என்னை டீம் லீடரா போட்டிருக்காங்க’ என்கிறார். ‘அப்படியா! யார் சொன்னா, எப்படிச் சொன்னாங்க?’ என்பது ஒரு வகைப் பதில். ‘ம், நல்லது’ இரண்டாவது. ‘இனிமே வீட்டுக்கு இன்னும் லேட்டாத்தான் வருவ’ மூன்றாவது. ‘டிபன் என்ன?’ நான்காவது. உறவுக்கு உரமிட்டது முதல் வகை ஒன்று மட்டுமே. துக்கத்துக்கு ஓடி வருவதில் நம் குடும்பங்கள் கெட்டி. சந்தோஷத்தை உட்கார்ந்து கேட்பதில் அத்தனை கெட்டி இல்லை. ‘கண் பட்டுடும், மெதுவா பேசு’ என்று வாயை மூடவும் செய்வோம்.

கேட்பது இருக்கட்டும், சொல்வதில் வாய்மை எங்கே போயிற்று? வர்ஜினியா பல்கலைக்கழகத்தின் பெல்லா டிபாலோ 1990களில் மாணவர்களையும் ஊர்க்காரர்களையும் ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்: பேசிய ஒவ்வொரு பேச்சும், அதில் சொன்ன ஒவ்வொரு பொய்யும். மாணவர்கள் நாளுக்குச் சராசரி இரண்டு, மற்றவர்கள் ஒன்று. ஒருவரை வேண்டுமென்றே தவறாக நினைக்கவைப்பது எல்லாமே அவர் வரையறையில் பொய். அந்த அளவுகோலை வைத்தால், ‘என்ன ஆச்சு?’ என்ற கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லும் ‘ஒண்ணுமில்ல’தான் தமிழ்க் குடும்பங்களின் முதன்மையான பொய்யாக இருக்கும்.

டிபாலோவின் தரவில் ஒரு முரண் இருக்கிறது. நெருங்கியவர்களிடம் அன்றாடப் பொய் குறைவு. சொன்னாலும் பெரும்பாலும் அவர் மனம் நோகக் கூடாதே என்பதற்காக. ஆனால் வாழ்வில் சொன்ன, கேட்ட மிகப் பெரிய பொய்யைச் சொல்லச் சொன்னபோது, அவற்றில் மிகுதியும் நெருங்கியவர்களுக்கு இடையிலேயே நடந்திருந்தன. அந்நியரிடம் மறைக்க என்ன இருக்கிறது? யாரை இழக்கப் பயப்படுகிறோமோ அவரிடம்தான் மறைக்கத் தோன்றும்.

அந்தப் பயம் எவ்வளவு நியாயம் என்பதை எம்மா லெவினும் டாயா கோஹனும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார்கள். ஒரு குழுவினர் மூன்று நாள், வீட்டிலும் வேலையிடத்திலும் எல்லோரிடமும் முழு வாய்மையோடு பேசவேண்டும். இதைக் கற்பனை செய்து பார்த்தவர்கள், பேச்சு கசக்கும், உறவு முறியும் என்று கணித்தார்கள். நிஜமாகவே பேசிப் பார்த்தவர்களுக்கு அனுபவம் அந்த அளவுக்குக் கசக்கவில்லை. நெருக்கமும் எதிர்பார்த்ததைவிடக் கூடியது. இதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் போட்டு உடைக்கலாம் என்று கிளம்பவேண்டாம். மூன்று நாள் சோதனை மூன்று நாளைத்தான் காட்டும். பணமும் அதிகாரமும் ஒரு பக்கமே இருக்கும் வீட்டில், அடி விழும் வீட்டில், உண்மை பேசுவதன் விலை வேறு. ஆய்வுக்கூடம் அந்த விலையை அளக்கவில்லை.

ஒருவேளை அதனால்தான் மனிதர்கள் மனதைத் திறக்க வீட்டுக்கு வெளியே போகிறார்கள். சமூகவியலாளர் மரியோ ஸ்மால் அமெரிக்காவில் சுமார் 2,000 பேரிடம் எடுத்த கணக்கில், முக்கியமான விஷயங்களை யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டு வந்த பெயர்களில் 45 விழுக்காட்டினர் பதில் சொன்னவர்களுக்கு முக்கியமானவர்களே அல்ல. நெருங்கியவரிடம் சொன்னால் கவலைப்படுவார், தலையிடுவார், நாளைக்குச் சொல்லிக்காட்டுவார் என்ற கணக்கு ஓடுகிறது. ரயிலில் எதிர் இருக்கைக்காரரிடம் ஊர் வருவதற்குள் குடும்பக் கதை முழுதும் கொட்டும் தேசத்துக்கு இது புதுச் செய்தி இல்லை.

இதை ஒரு சேவையாகவே மாற்றியவர் லண்டன் பாதிரியார் சாட் வாரா. 1953இல் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்கென்று தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்தார். ஆலோசனை சொல்வது தன் வேலை, காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுப்பது தொண்டர்களின் வேலை என்பது ஏற்பாடு. சில மாதங்களில் அவர் ஒன்றைக் கவனித்தார். தேநீர் கொடுத்தவர்களிடம் பேசியே பலர் ஆறுதலடைந்து, அவரைப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள். 1954இல் அந்த வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அப்படிப் பிறந்த ‘சமாரிட்டன்ஸ்’ வழியில் கொழும்பில் ‘சுமித்ரயோ’ 1974இலும், சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘ஸ்நேகா’ 1986இலும் தொடங்கின. தொண்டர்கள் அறிவுரை சொல்வதில்லை, கேட்கிறார்கள். அவர்களுக்குள்ள பெரிய வசதி, அழைப்பவரைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது என்பது. தெரியாததால் கேட்டே ஆகவேண்டும்.

அந்தத் தெரியாமையை வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா? ‘அவங்க இடத்துல உன்னை வச்சுப் பாரு’ என்பது பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லும் அறிவுரை. தால் எயால், மேரி ஸ்டெஃபல், எப்லி மூவரும் அதை 25 சோதனைகளில் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். தம்பதிகள் துணையின் விருப்பு வெறுப்புகளைக் கணிக்கும் சோதனையும் அவற்றில் உண்டு. துணையின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கச் சொன்னதால் கணிப்பு கூர்மையாகவில்லை; சில சமயம் மழுங்கியது. மற்றவர் இடத்தில் போய் உட்கார்ந்தாலும் அங்கே உட்காருவது நாம்தானே. கணிப்பைத் திருத்தியது ஒரே ஒரு வழி. துணையிடமே நேரில் கேட்பது.

இவ்வளவும் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளின் கதை. எதிரெதிரே இரண்டு பேர், நடுவே யாருமில்லை என்பது இந்த ஆய்வுகளின் எழுதாத அனுமானம். தமிழ்க் குடும்பத்தின் பேச்சு அப்படி ஓடுவதில்லை. கணவருக்குச் சொல்லவேண்டியதை, ‘உங்கப்பாகிட்ட சொல்லு, அரிசி தீர்ந்துபோச்சுன்னு’ என்று பிள்ளையிடம் சொல்வார்கள். மருமகளுக்கு உறைக்கவேண்டியது வேலைக்காரம்மாவிடம் ஜாடையாகச் சொல்லப்படும். கோபம் பாத்திரம் உருளும் சத்தத்தில் வரும். மாமியார் கூடத்தில் இருக்கும்போது ஒரு தொனி, படுக்கையறைக் கதவு சாத்தியபின் ஒரு தொனி. இங்கே யார் யாரிடம் பேசுகிறார், யார் கேட்பதற்காகப் பேசுகிறார் என்பதே முதல் கேள்வி. வாய்மைக்கும் கவனத்துக்கும் இந்த வீடுகளில் என்ன இலக்கணம் என்பதை சியாட்டிலில் எடுத்த அளவுகோலைக் கொண்டு அளக்க முடியாது.

ஸ்டிவர்ஸ் எடுத்துக்கொண்ட 10 மொழிகளில் தமிழ் இல்லை. டிங்கமான்சேயின் 12 மொழிகளிலும் இல்லை. இரண்டு பட்டியலிலும் ஒரு திராவிட மொழிகூட இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கென்றே உயராய்வு மையம் இருக்கிறது. உளவியல் துறைகள் பல பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. மேடைப் பேச்சும் திரைவசனமும் ஆய்வேடுகளில் போதுமான அளவு அலசப்பட்டுவிட்டன. அடுப்படியிலும் சாப்பாட்டு வேளையிலும் நடக்கும் பேச்சை, வீட்டாரின் சம்மதத்தோடு, பெயர் நீக்கிப் பதிவு செய்து ஆராயும் வேலையை இந்தத் துறைகள் சேர்ந்து எடுத்துக்கொள்ளவேண்டும். தொடங்குவதற்குப் பத்து வீடுகள் கதவைத் திறந்தால் போதும்.